ஊற்று இருக்கும் மணலில் பதினெட்டுக் குழிகள்

அன்புள்ள தம்பிக்கு,

கோல்ஃப் திடல்களின் வடிவமைப்பைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையை என் பேரன் கைபேசியில் காட்டினான். இரண்டு முறை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள். ஆனால் படித்து முடித்ததும் கோபம் வந்தது.

இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பெண்கள் விடியும் முன்பே குடத்தோடு மணலுக்குப் போய் ஊற்றுத் தோண்டிக் காத்திருப்பார்கள். சிரட்டையால் மொண்டு ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் ஆகும். அந்த மணல்மேட்டில்தான் சொகுசு விடுதியும் கோல்ஃப் திடலும் வரப்போகின்றன என்று ஆறு மாதமாகத் தரகர்கள் சொல்லித் திரிகிறார்கள். உண்மையா, விலையேற்றுவதற்கான பேச்சா என்று தெரியவில்லை. அதற்குள் ஒரு பத்திரிகை இணைப்பில் பச்சைப் புல்லும் நீலக் கடலுமாக அரைப்பக்கப் படம் வந்துவிட்டது. ‘தரிசு நிலம் தங்கமாகிறது’ என்று தலைப்பு. நாங்கள் தண்ணீர் எடுக்கும் இடம் தரிசா தம்பி?

பணக்காரர்கள் பந்தடிக்கும் இடத்தை நீங்கள் கலை என்று எழுதினால், இந்தப் படம் போட்டவர்களுக்கு அது கூடுதல் பலம் ஆகாதா? இப்படிப்பட்ட செய்தியை எப்படிப் படிப்பது என்றாவது சொல்லுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கோபம் நியாயமானது. ‘தரிசு’ என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டீர்கள் பாருங்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கோல்ஃப் பிறந்த மண்ணும் ஒரு காலத்தில் தரிசு என்றுதான் கணக்கில் இருந்தது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கடலுக்கும் உழவு நிலத்துக்கும் இடையே மேடும் பள்ளமுமாகக் கிடந்த மணல்வெளிக்கு ‘லிங்க்ஸ்’ என்று பெயர். ஏர் ஓடாது, விளைச்சல் கிடையாது. ஆடு மேய்ந்தது, முயல் வளை தோண்டியது, ஊர் மக்கள் நடந்து போனார்கள், பந்தும் அடித்தார்கள். காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்துத் தேய்த்த பள்ளங்களே பிற்பாடு ‘பங்கர்’ என்ற மணற்குழிகள் ஆயின என்று சொல்வார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் பழைய திடலுக்கு வரைபடம் போட்டவர் என்று எந்தத் தனி மனிதரையும் காட்ட முடியாது. கோல்ஃபில் ‘குழி’ என்றால் பந்து விழும் துளை மட்டும் இல்லை, அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து அந்தத் துளை வரைக்குமான முழுப் பரப்பும்தான். 22 குழிகளாக இருந்த ஆட்டம் 1764இல் 18 ஆனது அங்கேதான்.

அந்த நிலம் யாருடையது என்பதில் ஒரு நீண்ட சண்டை நடந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடனில் மூழ்கிய நகரமன்றம் அதைக் கைவிட, முயல் வளர்ப்பவர்கள் கைக்குப் போனது. சுமார் நூறு வருடம் கழித்து, 1894இல், தனிச் சட்டம் போட்டு நகரம் அதைத் திரும்பப் பெற்றது. இன்றைக்கும், பெரிய போட்டி நாட்களைத் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய திடலில் ஆட்டம் இல்லை. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். முதல் குழிக்கும் பதினெட்டாவது குழிக்கும் குறுக்கே பொதுப்பாதை ஒன்று போகிறது. உலகத்தின் மிகப் புகழ்பெற்ற கோல்ஃப் திடல் நம் ஊர்ச் சொல்லில் புறம்போக்கு, ஐயா. வேலி போடாத புறம்போக்கு. விடுதி விளம்பரங்கள் அதன் பெயரைச் சொல்கின்றன, அந்தப் பாதையைச் சொல்வதில்லை.

கலை என்று நான் எழுதியதை இப்போதும் திரும்பப் பெற மாட்டேன். இருக்கிற மேட்டை அழிக்காமல், காற்று எந்தப் பக்கம் அடிக்கும், மழைநீர் எங்கே வழியும், பந்து எங்கே உருண்டு நிற்கும் என்று நடந்து நடந்து பார்த்து, ஆட்டக்காரனுக்கு இரண்டு மூன்று வழிகளை வைப்பது கலைதான். அதைப் புரிந்துகொள்ள நம் மாவட்டத்துக்காரர்கள் வெளியே போகவேண்டியதில்லை. கண்ணுக்கே தெரியாத சரிவில் வரத்துக்கால் வெட்டி, வளைத்துக் கரை போட்டு, மடை எங்கே, கலுங்கு எங்கே என்று தீர்மானித்து, ஒரு கண்மாயின் மிச்சத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும்படி செய்தவர்களின் ஊர் இது. ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயின் கரையில் அரை நாள் நடந்தவருக்கு, நிலத்தைப் படித்துக் கட்டுவது என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் கண்மாய் உடைந்த அன்றும் வறண்ட அன்றும்தான் பத்திரிகையில் வருகிறது. அதை யோசித்துக் கட்டிய அறிவைப் பற்றி யார் எழுதினார்கள்?

கோல்ஃப் விஷயத்தில் அப்படி எழுதியவர்கள் இருந்தார்கள். பெர்னார்ட் டார்வின் என்று ஒருவர், உயிரினங்களின் தோற்றத்தை விளக்கிய டார்வினின் பேரன். வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு 1907 முதல் 1953 வரை லண்டன் டைம்ஸ் நாளிதழில் கோல்ஃப் எழுதினார். யார் வென்றார் என்பதோடு நிறுத்தாமல், இந்தக் குழி ஏன் இப்படிச் சாய்ந்திருக்கிறது என்றும் எழுதினார். 1914இல் ‘கன்ட்ரி லைஃப்’ இதழ், நல்ல குழி ஒன்றை வரைந்து அனுப்புங்கள் என்று வாசகர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. நடுவர்களில் டார்வினும் ஒருவர். முதல் பரிசு, லீட்ஸ் நகரத்தில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த அலிஸ்டர் மெக்கன்ஸி என்ற டாக்டருக்குக் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பதுங்குகுழிகள் மண்ணோடு மண்ணாக மறைந்திருந்ததைக் கண்டு, மனிதன் செய்தது இயற்கை செய்ததுபோலத் தோன்ற வேண்டும் என்று நினைத்தவர் அவர். வைத்தியத்தை விட்டுத் திடல் வரையப் போனார். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சைப்ரஸ் பாயின்ட், ஜார்ஜியா மாநிலத்தில் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து ஆகஸ்டா நேஷனல் என்று அவர் பெயர் நிலைத்தது. ஒரு பத்திரிகை தன் வாசகரைச் சிந்திக்கச் சொன்னதால் நடந்த காரியம் அது. என்னைப் போன்ற எழுத்துக்காரனுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

அதே ஆகஸ்டா வழியாகத்தான் கேடும் வந்தது. அங்கே நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியை 1956 முதல் தொலைக்காட்சி காட்டுகிறது, 1966 முதல் வண்ணத்தில். களை இல்லாத, கருகல் இல்லாத, ஒரே சீரான பச்சை. அதைப் பார்த்துப் பார்த்து, பச்சையாக இருந்தால்தான் திடல் என்று உலகம் நம்பத் தொடங்கியது. மெக்கன்ஸி அதைப் பார்க்க இல்லை. முதல் போட்டி 1934 மார்ச்சில், அவர் இறந்தது அந்த வருடம் ஜனவரியில்.

இந்தப் பச்சைப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். வட கரோலைனாவில் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் திடல் பழம்பெருமை உடையது, மணற்பாங்கான இடம். 2010–11இல் பில் கூர், பென் கிரென்ஷா என்ற வடிவமைப்பாளர்கள் இருவர் அதைப் பழைய நிலைக்குத் திருப்பினார்கள். முப்பத்தைந்து ஏக்கருக்கும் மேல் தண்ணீர் ஊற்றி வளர்த்த புல்லைப் பெயர்த்து எடுத்து, மணலையும் அந்த மண்ணுக்குரிய நாட்டுப் புல்லையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆயிரத்தைத் தாண்டியிருந்த தண்ணீர்த் தெளிப்பான்கள் சுமார் 450 ஆகக் குறைந்தன. 2014இல் அமெரிக்க ஓப்பன் போட்டி அங்கே நடந்தபோது, திடல் செத்துக் கிடக்கிறது, பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது என்று தொலைக்காட்சி பார்த்தவர்கள் பலர் குறைபட்டார்கள். தண்ணீர் மிச்சமானது திரையில் தெரியாதே.

நம் நாட்டிலும் வறண்ட ஊர்களில், குறிப்பாக இராணுவத்தினர் ஆடும் திடல்களில், குழியைச் சுற்றிப் புல்லே வைக்காமல் எண்ணெய் கலந்த மணலை இறுக்கிச் சமன்செய்து அதில் பந்தை உருட்டுவார்கள். குழியைச் சுற்றிய புல்தரைக்கு வழக்கமான பெயர் ‘கிரீன்’, அதற்குப் பதிலாக இதை ‘பிரவுன்’ என்றே சொல்வார்கள். நம் வெயிலுக்கு ஏற்ற, மரியாதையான ஏற்பாடு. அப்படி ஒரு திடலின் படத்தை எந்தச் சுற்றுலா இணைப்பிலும் நான் பார்த்ததில்லை.

இணைப்பு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன் நான் ஒரு நாளிதழின் வார இணைப்பில் வேலை பார்த்தேன். வேறு மாநிலத்தில் கடலோர விடுதி ஒன்று, புதிதாக கோல்ஃப் திடல் திறந்து எங்களைக் கூப்பிட்டது. இரண்டு நாள் தங்கினேன். அறையும் சாப்பாடும் அவர்களுடையது. விடியற்காலையில் புல்வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், இரவில் லாரி லாரியாகத் தண்ணீர் வருகிறது, எங்கள் தெருவுக்கு வருவதில்லை என்றார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கட்டுரையில் எழுதவில்லை. அவர்கள் கொடுத்த படம், அவர்கள் கொடுத்த நீள அகலம், வெளிநாட்டு வடிவமைப்பாளர் பெயர், அவ்வளவும் அச்சில் வந்தன. நீங்கள் பார்த்த அரைப்பக்கம் எப்படி உருவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும் ஐயா. அதனால்தான் உங்கள் கடிதத்தை வைத்துவிட முடியவில்லை.

இனி உங்கள் மணலுக்கு வருகிறேன். கடலோர மணல்மேட்டில் தோண்டினால் நல்ல தண்ணீர் வருவது ஏன் என்பதை நீங்களே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். மணல் குடித்த ஐப்பசி, கார்த்திகை மழை, கீழே இருக்கும் உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நல்ல நீர் இலேசு, உப்புநீர் கனம். கணக்கு ஏறத்தாழ ஒன்றுக்கு நாற்பது: கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே நாற்பது அடி இருக்கும். மேலே அந்த ஓர் அடியை இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். சிரட்டையால் மொள்ளுவது இந்தக் கணக்குத் தெரிந்தவர்களின் பழக்கம். ஆழ்துளைக் குழாய் அந்த வில்லையைக் கிழித்துவிடும்.

ஒரு பதினெட்டுக் குழித் திடலில் தண்ணீர் ஊற்றும் பரப்பு 30 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கோடையில் புல்லுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்று குறைவாகவே போடுவோம். பெருக்கிப் பாருங்கள்: ஒரு நாளைக்குப் பதினைந்து லட்சம் லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். அந்தக் கணக்கில் இது 27 ஆயிரம் பேரின் தண்ணீர். ஸ்காட்லாந்தின் மணலும் நம் மணலும் பார்க்க ஒன்றுபோல இருக்கலாம். அங்கே தூறல் வருடம் முழுவதும் விழுகிறது, வெயில் மெல்லியது, புல் தானாக நிற்கிறது. இங்கே மூன்று மாத மழையை ஒன்பது மாதம் வைத்துக் குடிக்க வேண்டும். வெப்ப நாடுகளில் கோல்ஃபுக்குப் போடும் புல், நம் அருகம்புல்லும் அதன் ஒட்டு வகைகளும்தான். கண்மாய்க் கரையில் ஒருவரும் ஊற்றாமல் உயிர்பிழைத்துக் கிடக்கும் அதே அருகு, தினம் கத்தரித்து வழவழப்பாக வைத்தால் தண்ணீரும் உரமும் கேட்கும். உப்பைத் தாங்கும் பாஸ்பாலம் என்ற கடலோரப் புல் இருக்கிறது, அதற்கு உவர்நீர் போதும் என்பார்கள். நல்ல நீர் நிற்கும் மணலின்மேல் நாள்தோறும் உவர்நீரைத் தெளித்தால் அது எங்கே இறங்கும் என்று கேளுங்கள்.

மணல்மேடு நகரும் என்பதும் உண்டு. அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருக்கும் வரைக்கும்தான் அது நிற்கிறது. ஸ்காட்லாந்திலேயே அபர்டீன்ஷயரில் ஃபொவரன் என்ற இடத்தில், காற்றோடு நகர்ந்துகொண்டிருந்த பெரிய மணற்பரப்பு ஒன்று அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடமாகப் பாதுகாக்கப்பட்டிருந்தது. அதன் ஒரு பகுதியில் டொனால்ட் டிரம்ப்பின் நிறுவனம் கட்டிய திடல் 2012இல் திறந்தது. குழிகள் மூடிப்போகாதிருக்கப் புல் நட்டு மணலை நிறுத்தினார்கள். நகர்வதுதான் அந்த மணலின் சிறப்பு. 2020இல் அந்தப் பகுதியின் பாதுகாப்பு நிலையை அரசு அமைப்பே விலக்கிக்கொண்டது, காப்பாற்ற வேண்டியது அங்கே மிஞ்சவில்லை என்று. அத்தனை வருடமும் செய்திகளில் அதிகம் வந்தது முதலாளியின் பேச்சு. மணல் எத்தனை அடி நகர்ந்தது என்று எழுதியவர்கள் சிலரே.

ஆகவே, இப்படிப்பட்ட செய்தியைப் படிக்கும்போது படத்தை விட்டுவிட்டு, அதில் இல்லாததைத் தேடுங்கள். தண்ணீர் எங்கிருந்து? கரைவலை இழுக்கிறவர்கள் கடலுக்குப் போகும் பாதை வேலிக்கு உள்ளேயா, வெளியேயா? பாசி எடுக்கப் போகும் பெண்கள் எந்த வழியாகத் தென்கடலில் இறங்குவார்கள்? மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011இலும் 2019இலும், மணல்மேடுகளை மிகக் கடுமையான காப்புள்ள முதல் வகையில் வைத்திருக்கிறது. அந்த மேடு மாவட்ட வரைபடத்தில் மணல்மேடு என்று குறிக்கப்பட்டிருக்கிறதா? இதை மட்டும் உடனே பார்த்துவிடுங்கள். குறிக்காமல் விட்ட மேடு காகிதத்தில் மேடே இல்லை என்றாகிவிடும்.

படம் எடுத்து அனுப்பலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தீர்கள். அவசியம் அனுப்புங்கள். ஊற்றுக்குள் ஒரு கயிற்றைவிட்டு, தண்ணீர் எத்தனை முழத்தில் இருக்கிறது என்று தேதியோடு எழுதுங்கள். பேரனையும் கூட்டிப் போங்கள். சித்திரையில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை. மூன்றையும் இங்கே வெளியிடுகிறேன், அந்த அரைப்பக்கப் படத்தை அச்சிட்ட ஆசிரியருக்கும் என் கையாலேயே அனுப்புகிறேன்.

அன்புடன்.