அப்பாவின் கடன் நோட்டு

அன்புள்ள அண்ணா,

ஆசைப்பட்டது கிடைக்கும்போது மூளையில் கூடும் ரசாயனம் டோபமின் என்று எழுதியிருந்தீர்கள். பர்மாவில், பெகு ஊரில் நாற்பது வருடமாக மளிகைக்கடை வைத்திருக்கும் எங்கள் அப்பாவுக்கு பார்க்கின்சன் நோய். ஒன்றரை வருடமாக, மூளைக்குள் போய் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரையும் கூடவே இன்னொரு மாத்திரையும் சாப்பிடுகிறார். கை நடுக்கம் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் இரண்டு முறை ஏமாற்றியவனுக்கே மறுபடியும் அரிசி மூட்டை கடன் கொடுக்கிறார். தினமும் லாட்டரிச் சீட்டு வேறு. முன்பெல்லாம் ஒரு தடவை ஏமாந்தால் அந்த ஆளை வாசலில் நிற்க விடமாட்டார். புத்தி மங்கிவிட்டது, மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்கிறார் என் அண்ணன். டோபமின் கூடினால் சந்தோஷம்தானே கூட வேண்டும்? பட்டுத் திருந்துவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பெகுவிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அவசரமானதைச் சொல்கிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பு இறுகி, காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். கடன் கொடுப்பதையும் லாட்டரியையும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். டோபமினைப் போலவே வேலை செய்யும் மாத்திரைகள் சிலரைச் சூதாட்டத்தின் பக்கம் இழுப்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். மருந்தையோ அளவையோ அவர்கள் மாற்றிப் பார்ப்பார்கள். வீட்டு விஷயம் என்று கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் முன்பு எழுதியது பாதிதான். 1990களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோபமினை வெளியிடும் மூளைச் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தால் செல்கள் சடசடவென்று துடித்தன. எதிர்பார்த்தபடியே கிடைத்தால் வழக்கமான துடிப்புதான். வரவேண்டிய சாறு வராமல் போனால், அது வரவேண்டிய அதே நொடியில் செல்கள் சற்று அடங்கிவிட்டன. அந்த அடக்கம்தான் நீங்கள் கேட்கும் பாடம். ‘இதை இனிமேல் செய்யாதே’ என்ற தகவல் டோபமின் இறங்கும் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது.

இப்போது மாத்திரையை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க டோபமின் மட்டத்தை அது உயர்த்தி வைக்கிறது. மழைக்காலத்தில் நம் தெருக்களில் தண்ணீர் தேங்கினால் குழி இருக்கும் இடம் தெரியாதே, அதுபோலத்தான். 2004இல் மைக்கேல் ஃபிராங்க் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஜப்பானிய எழுத்துகளை ஜோடி ஜோடியாகக் காட்டி, எது ஜெயிக்கும் எழுத்து, எது தோற்கும் எழுத்து என்று பழகச் செய்தார்கள். மாத்திரை சாப்பிடாத நிலையில் தோற்கும் எழுத்தை ஒதுக்குவதை நன்றாகக் கற்றார்கள். மாத்திரை சாப்பிட்ட நிலையில் ஜெயிக்கும் எழுத்தைத் தேடிப்போவதில் கெட்டிக்காரர்கள், ஒதுக்குவதில் பின்தங்கினார்கள். அப்பாவுக்கு நடப்பது இதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்லிவிட முடியாது. ஆனால் ‘புத்தி மங்கிவிட்டது’ என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன் உங்கள் அண்ணன் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இன்னொரு பாதியும் இருக்கிறது. யாங்கோனில் எங்கள் சந்தில் ஒரு விளக்குக் கம்பம் உண்டு. ஒரு மழைநாளில் அதைத் தொட்ட பையனுக்கு ஷாக் அடித்தது. மறுவாரமே சரிசெய்துவிட்டார்கள். அப்புறம் எத்தனையோ மழைக்காலம் போயாயிற்று, நான் இன்றைக்கும் எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கிறேன். ஒன்றுமே நடக்காதபோது அந்தப் பழக்கம் எதைத் தின்று உயிரோடு இருக்கிறது? ‘அப்பாடா’ என்ற நிம்மதியைத் தின்றுதான். எலிகளின் மூளையில் அளந்து பார்த்திருக்கிறார்கள். எச்சரிக்கை கேட்டு, ஷாக் வருமுன் தப்பிவிட்ட அந்த நேரத்தில் டோபமின் ஏறுகிறது. வரவேண்டிய கெடுதல் வராமல் போவதும் மூளைக்கு ஒரு வரவுதான்.

டோபமினைத் தடுக்கும் மருந்து கொடுத்த எலி என்ன செய்கிறது தெரியுமா? எச்சரிக்கை மணி அடித்தால் அசையாமல் இருக்கிறது. ஷாக் பட்டதும் துள்ளி ஓடுகிறது. வலி தெரிகிறது, காலும் ஓடுகிறது. முன்கூட்டியே விலகுவது மட்டும் போய்விடுகிறது. எனக்கு இந்தச் சோதனையைப் படித்த நாளிலிருந்து, ‘பட்டும் திருந்தவில்லையே’ என்று யாரையும் திட்ட வாய் வருவதில்லை.

அப்பாவைத் திட்டிப் பயமுறுத்தாதீர்கள். கல்லாவில் அவரே உட்காரட்டும், நாற்பது வருடம் உட்கார்ந்த இடம் அது. கடன் நோட்டை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கடன் கேட்டால் ‘நோட்டு மகனிடம் இருக்கிறது’ என்று அவர் சொன்னால் போதும், அவர் மரியாதையும் குறையாது. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.