ஸ்கூல் ரிப்போர்ட்டை மறுக்க ஒரு வரி போதும்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு உண்டா என்று பள்ளி செய்த மதிப்பீட்டில் நம்பிக்கை வரவில்லை, வேறு ஒருவரை வைத்துப் பார்க்க முடியுமா? முடியும். இதற்கு ஐ.இ.இ. என்று பெயர். பள்ளி டிஸ்ட்ரிக்ட்டில் (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தில்) சம்பளம் வாங்காத, தகுதியுள்ள ஒருவர் செய்யும் சுயேச்சை மதிப்பீடு.

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு பக்கம் வாசிக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறாள். பள்ளி உளவியலாளர் சோதித்துவிட்டு, எல்லாம் சராசரி, ஸ்பெஷல் எஜுகேஷன் தேவையில்லை என்று எழுதிவிட்டார். மறுபடி மதிப்பீடு கேட்டால் செலவு யாருடையது? (எடிசன், நியூஜெர்சி)

டிஸ்ட்ரிக்ட்டுடையது. பள்ளி செய்த மதிப்பீட்டை ஏற்காத பெற்றோர் பொதுச் செலவில் சுயேச்சை மதிப்பீடு கேட்கலாம் என்கிறது ‘ஐடியா’ என்ற கூட்டாட்சிச் சட்டம். பள்ளி ஒரு தடவை மதிப்பிட்டால் அதற்கு ஒரு தடவை கேட்கலாம். கேட்டுவிட்டால் டிஸ்ட்ரிக்ட்டுக்கு இரண்டே வழி. ஒன்று, ஏற்பாடு செய்து தர வேண்டும். இல்லையென்றால், தன் மதிப்பீடு சரியானதுதான் என்று நிரூபிக்கத் தானே விசாரணைக்கு மனுப் போட வேண்டும். ‘முடியாது’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. நியூஜெர்சியில் அந்த மனுவை 20 நாட்களுக்குள் போட்டாக வேண்டும்.

மீட்டிங் முடிந்து வாசலில் நின்று வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். எழுதிக் கேளுங்கள். அப்புறம், நம் ஆட்கள் எழுத உட்கார்ந்தால் நான்கு பக்கம் எழுதுவார்கள்: பிள்ளை பிறந்தது முதல், டீச்சர் முகம் சுளித்தது வரை. வேண்டாம். ‘நீங்கள் செய்த மதிப்பீட்டை நாங்கள் ஏற்கவில்லை. பொதுச் செலவில் சுயேச்சை மதிப்பீடு வேண்டும். அதற்கான உங்கள் விதிமுறைகளை அனுப்பிவையுங்கள்.’ கீழே தேதி, கையெழுத்து. முடிந்தது. ஏன் ஏற்கவில்லை என்று அவர்கள் கேட்கலாம்; நீங்கள் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று கட்டாயம் கிடையாது.

இனி அந்த ‘சராசரி’. இந்தத் தேர்வுகளில் நடுப்புள்ளி 100. பொதுவாக 85 முதல் 115 வரை சராசரி என்று எழுதிவிடுவார்கள். ஒரு பிள்ளைக்குச் சொல்வளத்தில் 120, சொல் வாசிப்பில் 88 என்று வைத்துக்கொள்ளுங்கள். 88-ஐயும் ரிப்போர்ட் சராசரி என்றே சொல்லும். ஆனால் 100 பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் அந்தப் பிள்ளை கீழிருந்து இருபத்தோராவது இடத்தில் நிற்கும், அதுவும் சொல்வளத்தில் பெரும்பாலோரை முந்துகிற பிள்ளை. உங்கள் ரிப்போர்ட்டில் இன்னொன்றையும் பாருங்கள்: பத்தியை நேரம் வைத்து வாசிக்கவைத்தார்களா? தனிச் சொற்களை மட்டும் நிதானமாக வாசிக்கவைத்திருந்தால், அந்தக் கால் மணி நேரப் பாடு எந்த எண்ணிலும் வராது. சோதிக்காமல் விட்ட பகுதியைச் சோதிக்கச் சொல்லியும் ஐ.இ.இ. கேட்கலாம் என்று மத்தியக் கல்வித் துறை 2015-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

டிஸ்ட்ரிக்ட் கொடுத்த பட்டியலில் மூன்று பெயர்கள்தான் இருக்கின்றன. அதிலிருந்துதான் எடுக்க வேண்டுமா?

இல்லை. அவர்களின் தகுதி விதிகளுக்குப் பொருந்துகிற யாரையும் நீங்கள் சொல்லலாம். தங்கள் சொந்த மதிப்பீட்டுக்கு வைத்திருக்கும் விதிகளைத்தான் இதற்கும் வைக்க முடியும். உங்களுக்கென்று கூடுதலாக ஒன்றைச் சேர்க்கக் கூடாது.

நாங்களே பணம் கட்டித் தனியாரிடம் பார்த்தோம். டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) என்று வந்தது. ஏ.ஆர்.டி. மீட்டிங்கில் (ஸ்பெஷல் எஜுகேஷன் பற்றி முடிவெடுக்கும் டெக்சஸ் பள்ளிக் குழுவின் கூட்டம்) ‘பார்க்கிறோம்’ என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். (ஃபிரிஸ்கோ, டெக்சஸ்)

விதிமுறைக்கு உட்பட்ட ரிப்போர்ட் என்றால் அதை அவர்கள் கருத்தில் எடுத்தே ஆக வேண்டும். அப்படியே ஏற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எனவே எந்தப் பரிந்துரையை ஏன் தள்ளினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மறுப்பைக் காரணத்தோடு எழுதித் தருவது அவர்கள் கடமை. மதிப்பிட்டவரையே ஃபோனில் மீட்டிங்குக்கு அழைத்துப் பேசவைத்தால் இன்னும் நல்லது. ரிப்போர்ட்டை ஓரங்கட்டுவது எளிது, அதை எழுதியவர் லைனில் இருக்கும்போது அவ்வளவு எளிதாக இருக்காது.

பணம் திரும்ப வருமா என்றால், பள்ளி மதிப்பிட்டு நீங்கள் அதை மறுத்த பிறகு செய்ததென்றால் வழி உண்டு. பள்ளி மதிப்பிடும் முன்பே செய்ததென்றால் கடினம். சில ஆயிரம் டாலர் விஷயம். முதலில் கேட்டுவிட்டுச் செலவழியுங்கள்.

வீட்டில் தமிழ் பேசுவதால்தான் மகன் வாசிப்பில் பின்தங்குகிறான், ஒரு வருடம் பொறுங்கள் என்கிறார்கள். (ஃப்ரீமான்ட், கலிபோர்னியா)

இது அடிக்கடி வரும் பதில், எனக்கு எரிச்சலூட்டும் பதிலும்கூட. ஆங்கிலம் போதாமல் இருப்பதை மட்டுமே காரணமாக வைத்துக் குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது என்பது சட்டம். அதே ஆங்கிலத்தைக் காரணம் காட்டி மதிப்பீடே செய்யாமல் தள்ளிப்போடவும் அவர்களால் முடியாது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ‘கடல்’ என்று சொல்லி, அதில் ‘க’வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். ஐந்தாறு சொற்களில் கேளுங்கள். திங்கள், செவ்வாய் என்று கிழமைகளை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். சிக்கல் ஆங்கிலத்தில் மட்டும்தானா, தமிழிலும் அதே இடத்தில் தடுக்குகிறதா என்று ஓரளவு தெரியும். (ழகரம் வராததைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது நம்மில் பாதிப் பேருக்கு வராது.) தமிழிலும் தடுக்கினால், பார்த்ததை எழுதி மதிப்பீடு கேட்கும் கடிதத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

உங்களுக்குப் பள்ளி இன்னும் மதிப்பீடே செய்யவில்லை என்பதால் ஐ.இ.இ. பேச்சு இப்போது இல்லை. முதலில் பள்ளி மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். கலிபோர்னியாவில் 15 நாட்களுக்குள் மதிப்பீட்டுத் திட்டத்தைத் தர வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததிலிருந்து 60 நாட்களுக்குள் முடித்து மீட்டிங் வைக்க வேண்டும். இரண்டு கெடுவிலும் நீண்ட விடுமுறை நாட்கள் சேராது, எனவே மே மாதம் வரை காத்திருக்காதீர்கள். தமிழ் பேசுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பாட்டியோடு பேச முடியாமல் போவதுதான் மிச்சமாக இருக்கும்.

நாங்கள் எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தருவது) இருக்கிறோம். இதெல்லாம் கேட்கலாமா?

தாராளமாக. அரசுப் பள்ளியில் சேரும் உரிமை குடியேற்ற நிலையைப் பொறுத்தது அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஐடியா சட்டமும் விசா வகை பார்ப்பதில்லை.

அடுத்த வருடம் சென்னைக்குத் திரும்புகிறோம். இங்கே எடுத்த ரிப்போர்ட் அங்கே செல்லுமா?

ஐ.இ.பி. (பிள்ளைக்கென்று இங்குள்ள பள்ளி எழுதித் தரும் தனிக் கல்வித் திட்டம்) அங்குள்ள பள்ளியைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு அங்கே தரப்படும் சான்றிதழ் வேண்டும். அங்கே மதிப்பிடுகிறவருக்கு உங்கள் ரிப்போர்ட் பெரிய உதவி. கிளம்பும் முன், சுருக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், ஒவ்வொரு உட்தேர்வின் மதிப்பெண்ணும் தேதியும் உள்ள முழுப் பிரதியைப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள். ஜூன் மாதம் அலுவலகம் மூடிய பிறகு அதைப் பிடிப்பது பெரும்பாடு.