திருச்சி–மதுரை நாலுவழிச் சாலை இருக்கும்போது உள்சாலையில் சுற்றிப் போவதில் என்ன இருக்கிறது?

பேசாமல் கடந்து போகத்தான் நினைத்தேன். கேள்வியோடு நிறுத்தாமல் "புதுக்கோட்டைப் பக்கம் வெறும் பொட்டல்தானே" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள், அதனால்தான் இந்தப் பதில். நான் அந்தப் பொட்டலில் பிறந்தவன். சர்க்கார் வேலையில் ஒருவரைப் பழிவாங்க 'தண்ணியில்லாக் காட்டுக்கு' மாற்றுவார்கள் இல்லையா, அந்தப் பேச்சு வந்தாலே எங்கள் ஊர்ப் பெயரும் கூடவே வந்துவிடும். கேட்டுக் கேட்டுச் சலித்த காது இது.

நீங்கள் அநேகமாக விடியற்காலை சென்னையில் காரை எடுத்து, மதியச் சாப்பாட்டுக்குள் மதுரை சேர வேண்டியவர். அப்படியென்றால் நாலுவழிச் சாலையிலேயே போங்கள். அவசரமென்றால் நானும் அதில்தான் போகிறேன். எல்லோரும் உள்ளே வந்து சுற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னதாக எடுத்துக்கொண்டு "எங்களுக்கெல்லாம் வேலை இருக்கு" என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

ஆனால் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் நீங்கள் இல்லை. சிலப்பதிகாரத்தில் உறையூரை விட்டுப் புறப்பட்ட கோவலன், மதுரைக்கு வழி எது என்று மாங்காட்டு மறையவர் ஒருவரிடம் கேட்கிறான். கொடும்பைக் குளக்கரைக்குப் போனால் பாதை சிவனுடைய சூலம் போல மூன்றாகப் பிரியும் என்கிறார் அவர். வலப்பக்கம் சிறுமலை வழி, இடப்பக்கம் அழகர்மலை வழி, நடுவில் போனால் காட்டில் ஒரு தெய்வம் மயக்கும். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நடுவழியைத்தான் பிடித்தார்கள். அந்தக் கொடும்பை இன்றைய கொடும்பாளூர் என்பார்கள். விராலிமலை தாண்டியதும் உங்கள் நாலுவழிச் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேளிர் குலச் சிற்றரசன் தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற இரு மனைவியர் பெயரிலும் எடுத்த மூவர் கோயில் அங்கேதான். மூன்றில் இரண்டு நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் இதைத் தாண்டிப் போய்விட்டுத்தான் பொட்டல் என்கிறீர்கள்.

நான் பம்புசெட் மோட்டார் விற்கிற வேலையில் இருந்தவன். பைக்கில் கீரனூர், நார்த்தாமலை, அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை என்று சுற்றுவேன். அன்னவாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை வழியாகப் போகும்போதெல்லாம் தண்ணீருக்கு நடுவே இரண்டு கல்தூண் தெரியும், குறுக்கே ஒரு கல். ஒரு வருஷம் சித்திரையில் கண்மாய் சுத்தமாக வற்றிக் கிடந்தது. வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டு உள்ளே இறங்கி நடந்தேன். தூணின் அடியில் கல்தொட்டி மாதிரி ஒன்று, அதில் துளைகள். தூணில் பழைய எழுத்து. தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். "தம்பி யாரு? சர்வேக்கு வந்தீங்களா?"

"இல்லீங்கய்யா, சும்மா பார்க்கலாம்னு."

"சும்மா யாரு கல்லைப் பார்ப்பா? புதையல் கிதையல்னு வந்திருந்தா இப்பவே சொல்லிருங்க."

மோட்டார் கம்பெனி அடையாள அட்டையைக் காட்டிய பிறகுதான் முகம் இளகியது. அது குமிழி, கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற அமைப்பு என்றார். கண்மாய் நிறைந்திருக்கும்போது ஓர் ஆள் நீந்திப் போய், முங்கி, துளையை அடைத்திருக்கும் கட்டையைத் தூக்க வேண்டும். அவருடைய ஐயா அந்த வேலை செய்தவராம். "மேல் துளையில தண்ணி போகும், அடித் துளையில சேறு போகும். ரெண்டும் ஒரே மடை வழியா வெளிய வந்துரும். இப்ப ஷட்டர் வச்சிருக்காங்க, சேறு எங்க போகுதாம்?" என்று என்னிடமே கேட்டார். நான் என்ன சொல்ல? நீரோடி, சேறோடி என்று அந்தத் துளைகளுக்குப் பெயரே இருக்கிறது. எங்கள் பக்கத்துக் குமிழித் தூண்கள் பலவற்றில், அதைச் செய்துகொடுத்தது யார் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணியில்லாக் காட்டுக்காரன் ஒவ்வொரு துளித் தண்ணீருக்கும் எவ்வளவு யோசித்திருக்கிறான் பாருங்கள்.

பெரிய சாலையில் இதெல்லாம் ஏன் கண்ணில் படுவதில்லை என்றால், சாலையை அகலப்படுத்தும்போது ஓரத்தில் இருப்பவைதான் முதலில் போகும். மைல்கல், சத்திரத் திண்ணை, சுமைதாங்கிக் கல் எல்லாம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, தலைச்சுமையோடு போகிறவர்கள் இறக்கி வைக்க நடுகிற கல் சுமைதாங்கி. உள்சாலைகளில் இன்னும் நிற்கின்றன.

அந்த மோட்டார் விற்கிற வேலையைப் பற்றிச் சொன்னதும் வயிறு எரிகிறது. கம்பெனியில் பயணப்படி பார்க்கிற ஒருவர் இருந்தார். மேப்பில் குறைந்த தூரம் எதுவோ அதற்குத்தான் காசு. டீலர் கடை அன்னவாசலில் இருக்கிறது, நாலுவழிச் சாலையில் இல்லை என்று எத்தனை முறை எழுதிக் கொடுத்தாலும், சிவப்பு மையில் வட்டம் போட்டு பில் திரும்பி வரும். கோயில் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில், என் சொந்தப் பெட்ரோலில். அந்தப் பாக்கி இன்றுவரை வரவில்லை. சரி, விடுங்கள்.

ஓர் இடம் மட்டும் பார்க்க நேரமென்றால் நார்த்தாமலை. மேலமலைப் பாறை மேல் விஜயாலய சோழீஸ்வரம். உள்ளே வட்டமான கருவறை, மேற்குப் பார்த்த சன்னதி, சுற்றிலும் சின்னச் சின்னக் கோயில்கள். எதிரே குடைவரையில் வரிசையாகப் பன்னிரண்டு திருமால். பெயரில் சோழன் இருந்தாலும், சாத்தன் பூதி என்ற சிற்றரசன் எடுத்த கோயில் மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் புதுப்பித்தான் என்று கல்வெட்டே சொல்கிறது. ராஜா எங்கள் சாதியா உங்கள் சாதியா என்ற சண்டையை இந்தப் பதிலுக்குக் கீழே ஆரம்பிக்காதீர்கள், நான் பதில் சொல்லமாட்டேன்.

வெயில் காலத்தில் காலை ஒன்பதுக்குள் ஏறி இறங்கிவிடுங்கள். கோயில் முன்னால் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும், பத்து மணிக்கு மேல் அந்தப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், மேலே கடை எதுவும் இல்லை. அங்கிருந்து அன்னவாசல், இலுப்பூர் வழியாக விராலிமலை வந்தால் மறுபடி உங்கள் நாலுவழிச் சாலைதான். சித்தன்னவாசலையும் சேர்த்தால் அரை நாள் கூடும்.