பாதை மிக நன்று

அன்புள்ள ஐயா,

நானும் இரண்டு நண்பர்களும் பத்து நாள் சைக்கிளில் ஒரு மலைத்தொடரைக் கடந்து செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். மொத்தம் 880 கிலோமீட்டர், வழியில் ஆறு கணவாய்கள். சமவெளியில் 100 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தில் ஓட்டிப் பழகியவன் என்பதால், மலையில் நாளொன்றுக்குச் சராசரியாக 88 கிலோமீட்டர் என்பது கடினமாக இருக்காது என்று நினைக்கிறேன். நண்பர்களில் ஒருவர் 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியதில்லை, போகப்போகப் பழகிவிடுவார். ஒவ்வோர் இரவும் எங்கே தங்குவது என்பது வரை குறித்த அட்டவணையை இணைத்துள்ளேன். என் கேள்விகள் மூன்று. டயர் 40 மில்லிமீட்டர் அகலம் போதுமா, 47 வேண்டுமா? சட்டகம் எஃகில் இருக்கலாமா, அலுமினியத்தில் இருக்கலாமா? ஏற்றத்தில் முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால், அதை சைக்கிள் பயணம் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

க.

அன்புள்ள க.,

முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன். 47 வாங்குங்கள். சட்டகம் உங்கள் உடலுக்குப் பொருந்தினால் போதும், அது எந்த உலோகமாகவும் இருக்கட்டும். இந்த இரண்டையும் பற்றி மாதக்கணக்கில் வாதிடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலோர் கிளம்புவதே இல்லை.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தது டயருக்காக அல்ல, அந்த அட்டவணைக்காக. சென்ற வாரம் பழைய பெட்டி ஒன்றை ஒழித்தபோது, இருபத்தாறு வயதில் நான் போட்ட ஓர் அட்டவணை கையில் அகப்பட்டது. அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, நாள், ஊர், தூரம், தங்குமிடம் என்று நான்கு பத்திகள் பிரித்த நாட்குறிப்பு அது. உங்களுடையதிலும் அதே நான்கு பத்திகள்தாம் இருக்கின்றன. ஏற்றம் என்ற பத்தி அப்போது என்னிடமும் இல்லை, இப்போது உங்களிடமும் இல்லை.

மலையில் தூரத்தை வைத்துத் திட்டம் போடுவது, கிணற்றின் ஆழத்தைப் பார்க்காமல் அதன் வாயகலத்தை மட்டும் அளந்துவிட்டுக் கயிறு வாங்கப் போவதைப் போன்றது. உங்கள் நான்காம் நாளை எடுத்துக்கொள்வோம். 92 கிலோமீட்டர் என்று எழுதி, பக்கத்தில் ‘5 மணி நேரம்’ என்று போட்டிருக்கிறீர்கள். வரைபடத்தின் உயரக்கோடுகளை வைத்து நான் எண்ணிப் பார்த்தேன். அந்த 92இல் 35 கிலோமீட்டர் ஏற்றம், அதுவும் சராசரியாக 6.5 சதவீதச் சரிவில். ஏறத்தாழ 2,275 மீட்டர் உயரத்தைக் கால்களால் சம்பாதிக்க வேண்டிய நாள் அது. நீங்களும் வண்டியும் பைகளும் தண்ணீரும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தச் சரிவில் மணிக்கு 6 கிலோமீட்டர் போவதற்குப் புவியீர்ப்பை வெல்ல மட்டும் 100 வாட்டுக்கு மேல் இடைவிடாமல் மிதிக்க வேண்டும். ஒரு மணி நேரம் மிதித்துவிடுவீர்கள். ஆறு மணி நேரம், அதுவும் மூன்று நாள் ஏறிய களைப்போடு மிதிப்பது வேறு காரியம். சுமையோடு நாள் முழுவதும் ஏறுகிறவருக்கு மணிக்கு 350 முதல் 400 மீட்டர் உயரம் என்பதுதான் நான் நம்பும் கணக்கு. அதன்படி ஏற்றத்துக்கு மட்டுமே ஆறு மணி நேரம் போகும். மிச்சமுள்ள 57 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். உண்பதும், மூச்சு வாங்க உட்காருவதும், பஞ்சர் ஒட்டுவதும் சேர்ந்தால், விடியலில் கிளம்பியவர் இருட்டில்தான் போய்ச் சேருவார்.

‘ஏறும்போது இழப்பதை இறங்கும்போது ஈடுகட்டிவிடலாமே’ என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காதவர் எவரையும் நான் பார்த்ததில்லை. 30 கிலோமீட்டர் ஏற்றத்தை மணிக்கு 6 கிலோமீட்டரில் ஏற ஐந்து மணி நேரம். அதே 30ஐ மணிக்கு 30 கிலோமீட்டரில் இறங்க ஒரு மணி நேரம். ஆறையும் முப்பதையும் கூட்டி இரண்டால் வகுத்து, சராசரி வேகம் 18 என்று மனம் சொல்லும். 60 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம், ஆகவே சராசரி 10 என்று கடிகாரம் சொல்லும். இறக்கத்தை இரண்டு மடங்கு வேகத்தில் பாய்ந்து இறங்கினாலும் உங்களுக்கு மிஞ்சப்போவது அரை மணி நேரம்தான். அந்த அரை மணி நேரத்துக்காகக் கொண்டை ஊசி வளைவுகளில் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். இதை ஒருமுறை படித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள். தாளில் எழுதிப் பாருங்கள். சமவெளியில் நீங்கள் ஓட்டிய 100 கிலோமீட்டருக்கும் இந்தக் கணக்குக்கும் எந்த உறவும் இல்லை.

கணக்கு தெரிந்தவர்களே மேசையில் உட்கார்ந்தால் பொய் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். 1910ஆம் ஆண்டு, பல நாள் நடக்கும் டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் போட்டியைப் பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனீஸ் மலைகளின் வழியே கொண்டு செல்லலாமா என்று பார்த்துவர அல்போன்ஸ் ஸ்டைனே என்பவரை அனுப்பினார்கள். 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயை நெருங்கும்போது பனியில் கார் மேலே போக முடியாமல் நின்றுவிட்டது. அவர் இருட்டில் பனியில் நடந்து, விழுந்து, எழுந்து, நள்ளிரவு தாண்டிய பிறகே மறுபுறத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அப்புறம் தலைமைக்குத் தந்தி கொடுத்தார்: தூர்மலேயைக் கடந்தாயிற்று, பாதை மிக நன்று, முற்றிலும் செல்லத் தக்கது! அந்தத் தந்தியை நம்பி ஜூலை 21 அன்று, ஒரே நாளில் ஓட்டி முடிக்க வேண்டிய 326 கிலோமீட்டர் கட்டத்தில் வீரர்களை இறக்கிவிட்டார்கள். அன்று ஒபிஸ்க் கணவாயில் ஒக்தாவ் லப்பீஸ் என்ற வீரர் போட்டி நடத்தியவர்களைப் பார்த்துக் ‘கொலைகாரர்களே’ என்று கத்தியதை இன்றும் சொல்வார்கள். உங்கள் அட்டவணையைப் படித்தபோது எனக்கு அந்தத் தந்திதான் நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு வித்தியாசம், ஸ்டைனே பனியில் விழுந்து எழுந்த பிறகாவது பொய் சொன்னார்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. அன்று தூர்மலேயை இறங்காமல் மிதித்தே ஏறியவர் குஸ்தாவ் கரிகூ ஒருவர்தான். அதற்காக அவருக்கு 100 பிராங்க் பரிசு கொடுத்தார்கள். லப்பீஸ் இறங்கித் தள்ளினார். அன்றைய கட்டத்தையும் அந்த ஆண்டின் போட்டியையும் வென்றவர் லப்பீஸ். நீங்கள் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து யாரும் சிரிக்கப்போவதில்லை. ஆனால் தள்ளும் நேரத்தைக் குறைக்க வழி இருக்கிறது, அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 22 பல், பின்சக்கரத்தின் பல்சக்கரத்தில் 34 பல் என்று கியர் அமைந்தால், பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 1.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்து மணிக்கு 5 கிலோமீட்டரில் முழங்கால் நோகாமல் ஏறலாம். ‘இவ்வளவு சிறிய கியரா’ என்று வெட்கப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: டூர் தெ பிரான்ஸில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கியருக்கு 1937 வரை தடை இருந்தது. அது முதியவர்களுக்கானது என்று ஏளனம் செய்தவர் போட்டியைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ச். வேலோசியோ என்ற பெயரில் எழுதிய போல் த விவி வாழ்நாளெல்லாம் அந்த ஏளனத்துக்கு எதிராக வாதிட்டு, பல கியர்களோடு மலைகளில் ஏறிக் காட்டினார். பசிக்கும் முன் உண், தாகம் எடுக்கும் முன் குடி என்று பயணிகளுக்குச் சொன்னவரும் அவர்தான். 100 கிலோவை 1,000 மீட்டர் உயர்த்த உடம்பு ஏறத்தாழ 1,000 கலோரி கேட்கும். அவர் சொன்னதை வேதவாக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் கோபப்பட வேண்டிய இடம். ஐந்தாம் இரவு 1,900 மீட்டரில் தூங்குகிறீர்கள், ஆறாம் இரவு 3,400 மீட்டரில். இதை எழுதும்போது உங்கள் பேனா நிற்கவில்லையா? 2,500 மீட்டருக்கு மேல் காற்று மெலிவதால் உண்டாகும் உயர நோய் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். வயதும் உடற்பயிற்சியும் அதைத் தடுக்காது. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்க வேண்டும். தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால் மேலே போகக் கூடாது. நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ அந்த நொடியே கீழே இறங்க வேண்டும். பத்து நாளில் வெற்று நாள் ஒன்றுகூட இல்லாத உங்கள் அட்டவணையில் இதற்கெல்லாம் எங்கே இடம்?

என் நாட்குறிப்பிலும் வெற்று நாள் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் நண்பன் இருமிக்கொண்டே, ‘இன்று இங்கேயே இருந்துவிடுவோமே’ என்றான். நான் பதில் சொல்லாமல் நாட்குறிப்பைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். அவன் எழுந்து பைகளைக் கட்டினான். மலையில் பிற்பகலில் மேகம் திரளும், நண்பகலுக்குள் கணவாயைத் தாண்டிவிட வேண்டும் என்பது பாலபாடம். நாங்கள் உச்சியைத் தொட்டபோது மணி ஐந்தே முக்கால். தூறல் தொடங்கியிருந்தது. ஏறியபோது வழிந்த வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. உலர்ந்த சட்டையும் கையுறையும் பையின் அடியில் கிடந்தன. உயரம் 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் குளிர் கூடும் என்பதைப் பள்ளியில் படித்திருந்தேன். ஈரச் சட்டையின்மேல் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் என்ன ஆகும் என்பதைப் படித்திருக்கவில்லை.

கீழே இறங்க 14 கிலோமீட்டர். இரண்டாவது வளைவில் அவன் நிறுத்தினான். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்றே தெரியவில்லை என்று சொல்லி, கைகளைத் தூக்கிக் காட்டினான். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டையும் சரியாகப் பிடிக்கவில்லை. ‘நான் நடந்து வருகிறேன், நீ போ’ என்றான். நான் போனேன். அதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் அதுதான் நடந்தது. முக்கால் மணி நேரத்தில் கீழே இருந்தேன். தங்குமிடத்தின் வாசலில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடியும் உட்கார்ந்து, சாலை வளைவில் வெளிச்சம் தெரிகிறதா என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் ஒருமுறை நாட்குறிப்பை எடுத்து, ஐந்தாம் நாளுக்கு எதிரே ஒரு சரிக்குறி போட்டேன். அவன் வந்து வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, விரல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ‘குறித்துக்கொண்டாயா?’ என்று மட்டும் கேட்டான். சென்ற வாரம் நாட்குறிப்பைத் திறந்தபோது அந்தச் சரிக்குறி மை மங்காமல் இருந்தது.

அட்டவணை வேண்டாம் என்று சொல்லவில்லை. தூரப் பத்தியை அழித்துவிட்டு ஏற்றத்தை எழுதுங்கள். நாளொன்றுக்கு 1,200 மீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். பத்து நாளில் இரண்டை வெற்றாக விடுங்கள். அதற்காகக் கணவாய்களைக் குறைக்க வேண்டி வந்தால் குறையுங்கள், ஆறில் நான்கு போதும். ஒவ்வொரு கணவாய்க்கு நேராகவும் திரும்பிப்போக வேண்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள். அந்த நேரத்துக்குள் உச்சிக்கு வரவில்லை என்றால் வந்த வழியே இறங்குங்கள். உலர்ந்த சட்டையும் கையுறையும் பையின் மேல்மட்டத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. அந்தப் புதிய நண்பரைப் பற்றி ஒரே வரியில், போகப்போகப் பழகிவிடுவார் என்று எழுதிவிட்டீர்கள். அடுத்த விடுமுறை நாளில் மூவரும் முழுச் சுமையோடு ஒரு ஏற்றத்தில் மூன்று மணி நேரம் ஏறுங்கள். அவரை முன்னால் விட்டு, நீங்கள் பின்னால் வாருங்கள். ஒவ்வொரு மணி நேரமும் எத்தனை மீட்டர் உயரம் ஏறினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மணி நேரத்தில் அவர் ஏறிய உயரத்தை எனக்கு எழுதி அனுப்புங்கள்; புதிய அட்டவணையை அதிலிருந்து நாம் இருவரும் சேர்ந்தே போடலாம்.