ஓலையில் கடந்தை, ஓட்டில் வண்டு

கேள்வி: களியக்காவிளைப் பக்கம் வீடு. கிணற்றடித் தென்னையில் பானை அளவுக்குக் கடந்தைக் குளவிக் கூடு. தேங்காய் பறிக்க ஆள் வர மறுக்கிறார். என் வீட்டுக்காரர் ராத்திரி பந்தம் கட்டிக் கொளுத்திவிடலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அவரிடம் பந்தத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். காய்ந்த மரத்தைச் சுரண்டி, மென்று, எச்சிலில் குழைத்துக் கட்டுகிற கூடு அது, கிட்டத்தட்டக் காகிதம்தான், நொடியில் பற்றிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் பக்கத்திலிருக்கும் சருகு ஓலையும் பன்னாடையும் கூடவே பற்றும், எரிகிற துண்டுகள் கீழே நிற்கிறவர் தலையில்தான் விழும், சாகாமல் தப்பியவை எல்லாம் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரைத் தேடி வரும். எங்கள் பக்கத்து விளையில் ஒருவர் ஏணி வைத்து ஏறி இதைச் செய்யப்போய், முதல் கொட்டிலேயே கை விட்டுப்போய்க் கீழே விழுந்தார். கொட்டின வலி இரண்டு நாளில் தீர்ந்தது. இடுப்பு இன்னும் சரியாகவில்லை.

முதலில் அது கடந்தைதானா என்று பாருங்கள், தூரத்திலிருந்தே தெரியும். உடம்பு கறுப்பு, வயிற்றின் முன்பாதியில் மட்டும் அகலமாக மஞ்சள் பட்டை. கூடு முழுக்க மூடியிருக்கும், சாம்பலும் தவிட்டு நிறமுமாக வரிவரியாக இருக்கும், போக வர ஒரு சின்ன வாசல். தஞ்சாவூர்ப் பக்கம் கதண்டு என்பார்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கடன்னல். மூடாமல் ஒரே அடையாகத் தொங்கினால் அது மலைத்தேனீ. அது இடம் மாறி மாறிப் போகிற சாதி, ஆள் நடமாட்டம் இல்லாத உயரத்தில் இருந்தால் சீண்டாமல் விட்டால் தானே கிளம்பிவிடும்.

கடந்தை என்றால் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள். 101, இல்லாவிட்டால் 112. எல்லையில் இருப்பதால் எந்த ஊர், எந்த மாநிலம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வருவார்கள், அப்போதுதான் எல்லாம் கூட்டுக்குள் இருக்கும். அதுவரை அந்த மரத்தடியில் சருகு எரிக்க வேண்டாம், பிள்ளைகளைக் கிணற்றடிக்கு விட வேண்டாம், கல் எறியவே கூடாது. ஒன்றை அடித்து நசுக்கினால் அதிலிருந்து வரும் வாடையே மற்றவற்றைக் கிளப்பிவிடும்.

கொட்ட வந்துவிட்டால் கையை வீசாதீர்கள். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடி ஏதாவது அறைக்குள் புகுந்து கதவை அடையுங்கள். தேனீ ஒரு தடவைதான் கொட்டும், கொடுக்கு தோலிலேயே நின்றுவிடும், அதை உடனே நகத்தால் வழித்து எடுத்துவிட வேண்டும். கடந்தை கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, ஒன்றே நாலைந்து தடவை கொட்டும். கொட்டிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வையுங்கள், கையில் மோதிரம் வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். உதடோ கண்ணோ வீங்கினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால், வாந்தி வந்தால் ஒரே ஒரு கொட்டாக இருந்தாலும் உடனே 108. நிறையக் கொட்டு வாங்கியவர்கள் அன்றைக்குத் தெம்பாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். அந்த விஷம் தசையைக் கரைத்து ஓரிரு நாள் கழித்துச் சிறுநீரகத்தில் கை வைக்கும். சிறுநீர் கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் போனால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: குலசேகரம் அருகே ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஓட்டு வீடு. கோடை மழை பெய்த அன்றே கறுப்பு வண்டு ஆயிரக்கணக்கில் உள்ளே வந்துவிட்டது. சோற்றில் விழுகிறது, கையில் பட்டால் எரிகிறது. என்ன மருந்து அடிப்பது?

பதில்: இது முப்பிளி வண்டு. திருச்சூர் மாவட்டத்து முப்பிளியம் என்ற ஊரின் பெயர்தான் இதற்கு ஒட்டிக்கொண்டது. கடிக்காது, கொட்டாது. ரப்பர் இலை உதிரும் மாதங்களில் கீழே விழுந்த இலையைத் தின்று, அந்தச் சருகுக்குள்ளேயே பெருகும். முதல் கோடை மழை விழுந்ததும் கூட்டமாகக் கிளம்பி இருட்டான இடுக்கு தேடி வீட்டுக்குள் வரும், வந்து ஏறக்குறைய ஒன்பது மாதம் அப்படியே அடைந்து கிடக்கும். ஒரே வீட்டில் லட்சக்கணக்கில் அடையும், ஆகையால் உங்கள் வீடு சுத்தமில்லை என்று யாராவது சொன்னால் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அதை நசுக்கக் கூடாது. ஒருமுறை கழுத்தில் ஊர்ந்ததைத் தெரியாமல் தேய்த்துவிட்டேன், மூக்கைத் துளைக்கிற ஒரு நெடி, விரலில் காப்பிக்கறை மாதிரி ஒட்டிக்கொண்டது, கழுத்தில் தோல் சிவந்து பிறகு உரிந்தது. மருந்து அடித்தால் சாகும்தான், ஆனால் செத்தது நாள்கணக்கில் ஓட்டிடுக்கிலிருந்து சோற்றுப்பானைக்குள் உதிரும், மறுநாள் சாயந்தரம் அடுத்த கூட்டம் வரும். மண்ணெண்ணெயை ஓட்டுக் கைமரத்தில் தெளிப்பது தீயை விலைக்கு வாங்குவது. அதைவிட, முதல் மழைக்குப் பிறகு வருகிற நாள்களில் பொழுது சாய்ந்ததும் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, முற்றத்தில் தள்ளி ஒரே ஒரு பல்பை எரியவிட்டு அதன் கீழே அகலமான வட்டையில் சோப்புத் தண்ணீர் வையுங்கள். வெளிச்சத்துக்கு வருவது தண்ணீரில் விழும். உள்ளே வந்ததைத் துடைப்பத்தால் மெதுவாகக் கூட்டி அதே தண்ணீரில் போடுங்கள். ராத்திரி குழந்தைகளைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். காதுக்குள் போய்விட்டால் குச்சி விட்டு நோண்டாமல் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். படுக்கையறைச் சுவரில் குளவி மண்கூடு கட்டுகிறது. மருமகள் உண்டாகியிருப்பதால் கலைக்கக் கூடாது என்கிறார் என் மாமியார். கொட்டிவிடுமோ என்று எனக்குப் பயம்.

பதில்: பெரியவர் சொல்கிறபடியே விடுங்கள். மண்குளவி தனியாள், காக்க வேண்டிய கூட்டம் கிடையாது, கையில் பிடித்து அமுக்கினால் ஒழியக் கொட்டாது. கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவி ஆக்கும் என்று பாட்டிமார் சொல்வார்களே, உண்மையில் அது சிலந்தியையோ புழுவையோ கொட்டி மயக்கி உள்ளே வைத்து, மேலே முட்டையிட்டு மூடிவிடுகிறது. பொரிக்கிற குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு. மண்கூட்டில் ஓட்டை விழுந்து அது காலியானதும் சுரண்டிவிடலாம். குழந்தை பிறப்பதற்குள் சுவர் சுத்தமாகிவிடும்.

கேள்வி: பத்துகாணி. மச்சில் மரப்பட்டி (மரநாய்) குடியேறிவிட்டது. மூத்திர நாற்றம் தாங்கவில்லை. விஷம் வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அதோடு செத்து மச்சிலேயே நாறினால் இப்போதைய நாற்றம் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். அது பழம் தின்ன ராத்திரி கட்டாயம் வெளியே போகும். போகிற பொந்தில் சாயந்தரம் கோலமாவைத் தூவி வையுங்கள். மாவில் வெளியே போன தடம் தெரிந்ததும் கம்பிவலை வைத்து அடையுங்கள். அடைப்பதற்கு முன் டார்ச்சோடு ஒருமுறை மச்சில் காது வைத்துக் கேளுங்கள். கீச்சுச் சத்தம் வந்தால் குட்டி இருக்கிறது. அவை தாயோடு வெளியே போகத் தொடங்கும்வரை வலையைக் கையில் எடுக்காதீர்கள்.