பள்ளிக்கு நன்கொடை: தலைமை ஆசிரியர் (எச்.எம்.) பணம் வாங்க மறுக்கிறார்

எச்.எம். கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பென்னாகரம் பக்கத்து நடுநிலைப் பள்ளிக்குக் கழிப்பறை கட்ட முன்னாள் மாணவர்கள் சேர்த்த பணம் என்கிறீர்கள். அரசு 2022-இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ தளம் வழியாகப் பள்ளியைக் குறிப்பிட்டே அனுப்பலாம்.

அவர் மறுப்பதற்கு அநேகமாகத் தணிக்கைப் பயம்தான் காரணம். வீம்பு என்று நினைக்க வேண்டாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நோட்டில் கழிப்பறைத் தேவை ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் ஏற்றச் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். உங்கள் செட்டிலேயே யாராவது இருப்பார்கள்.

ஆனால் சித்திரையில் போர்வெல் வற்றினால் புதுக் கழிப்பறைக்கும் பூட்டுதான். தண்ணீர்த் தொட்டிக்கும் துப்புரவுக்கும் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு அப்புறம் கட்டடத்தைப் பேசுங்கள். கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்ற பஞ்சாயத்தெல்லாம் பிறகு!