தங்க நிற லைக்கா

வணக்கம் சார்,

இரண்டாகத் தெரிகிற உருவத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்கிற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் ஒன்று வாங்கினேன். உக்ரைனிலிருந்து வரவழைத்தது. தங்க நிற லைக்கா, மேலே ஜெர்மன் விமானப்படையின் கழுகுச் சின்னம். பதினெட்டாயிரம் ஆனது. போலி என்கிறான் நண்பன். எப்படிக் கண்டுபிடிப்பது? போலி என்றால் ஷோகேஸில் வைப்பதைத் தவிர வேறு என்ன செய்ய?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

நண்பர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். கழுகுச் சின்னத்தோடு அசல் லைக்கா அந்த விலைக்கு வராது. நீங்களே பார்த்துவிடலாம். லென்ஸைத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே மேல்பக்கம், லென்ஸின் பின்விளிம்பைத் தொடுகிற சின்னக் கை ஒன்று தெரியும். லைக்காவில் அதன் நுனியில் குட்டிச் சக்கரம் உருளும். சக்கரம் இல்லாமல் வெறும் உலோக நாக்கு இருந்தால் அது லைக்காவைப் பார்த்துச் செய்த சோவியத் கேமரா, அதாவது ஃபெட் அல்லது சோர்க்கி.

வருத்தப்படாதீர்கள். லைக்கா II ஜெர்மனியில் 1932இல் வந்தது. அதைப் பார்த்து உக்ரைனின் கார்கிவ் நகரில் 1934 முதல் ஃபெட் கேமராவைச் செய்தவர்கள் யார் தெரியுமா? தெருவில் திரிந்த அநாதைப் பிள்ளைகளுக்காக நடந்த ஒரு கம்யூனில் வளர்ந்தவர்கள். ஆசிரியர் மகரென்கோ நடத்திய கம்யூன் அது. அதற்கு முன் அங்கே மின்சாரத் துளைக்கருவி செய்துகொண்டிருந்தார்கள். மாஸ்கோ பக்கம் சோர்க்கி வந்தது 1948இல். இப்படிப்பட்ட கேமராவின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு லைக்கா என்று பொறித்தவர்மேல்தான் எனக்குக் கோபம். கேமராமேல் இல்லை.

அதனால் ஷோகேஸ் வேண்டாம், ஃபிலிம் போடுங்கள். அடித்தட்டைத் திறந்துதான் போட வேண்டும். ஃபிலிமின் முனையைப் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒடுக்கமாக வெட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உள்ளே சிக்கும். முதலில் ஃபிலிமைச் சுற்றுங்கள், அப்புறம்தான் ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். உங்களுடையது உள்ளே தள்ளிவைக்கிற லென்ஸ் என்றால், முழுக்க வெளியே இழுத்துத் திருகிப் பூட்டுங்கள். நான் பூட்ட மறந்து, அக்கா மகள் காதுகுத்தில் எடுத்த 36 படங்களும் கலங்கிப் போயின. பத்து வருஷமாகியும் ஆறவில்லை.

பின்னால் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் இரண்டாகத் தெரிகிற உருவம் ஒன்றோடொன்று பொருந்தும்வரை லென்ஸைத் திருப்புங்கள். பிறகு கண்ணை அடுத்த துளைக்கு நகர்த்திப் படத்தை எடுங்கள். அந்த இரண்டு உருவமும் ஒன்றாகிற நொடிக்காகவே நான் இன்னும் இந்தக் கேமராக்களை விடாமல் வைத்திருக்கிறேன். லைட் மீட்டர் இல்லையே என்று பயப்பட வேண்டாம். 200 ஐஎஸ்ஓ ஃபிலிம், நல்ல வெயில் என்றால் லென்ஸில் துவார எண் 16, ஷட்டரில் 200, அதாவது நொடியில் இருநூறில் ஒரு பங்கு. மர நிழலுக்குத் துவார எண் 5.6 வைத்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம். ஷட்டர் துணியால் ஆனது. ஈரோட்டு வெயிலில் லென்ஸ் மூடி இல்லாமல் கழுத்தில் தொங்கவிட்டால், பூதக்கண்ணாடியில் காகிதம் பொசுங்குவது போலத் துணியில் ஓட்டை விழுந்துவிடும். படம் எடுக்காத நேரத்தில் மூடியைப் போட்டே வையுங்கள்.